பாலக்காட்டுக் கணவாயை கேமாக்குவது: ஐந்து மாணவர், பன்னிரண்டு வாரம்

பாட கேம் செய்யும் கல்லூரி மாணவர் டீம்கள் பெரும்பாலும் குதித்து ஓடும் ஒரு கேமை எடுத்து, நடுநடுவே வினாக்களைச் செருகிவிடுகின்றன. பிள்ளைகள் வினாவைப் படிப்பதில்லை. ஏதோ ஒரு விடையைத் தட்டிவிட்டுக் குதிக்கப் போய்விடுவார்கள். எது பாடமோ அதையே விளையாடுபவரின் கை செய்ய வேண்டும்.

தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் வாளையார் எல்லையில் இருக்கும் டீமுக்குக் கண்ணெதிரிலேயே பாடம் இருக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். இருபுறமும் உயர்ந்த மலைகள் தடுப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் புகுந்து வேகமெடுக்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். எட்டாம் வகுப்புக்கான கேமை ஒரே வரியில் எழுதலாம்: காற்றாலையை எங்கே நட்டால் மின்சாரம் அதிகம் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். மலை மறைவில் நட்டால் இறக்கை அசையாது, கணவாயில் நட்டால் சுழலும். அந்த வரிக்கு உதவாத எந்த யோசனையையும் தயங்காமல் வெட்டுங்கள்.

டீமின் ஐந்து பேரில் இருவர் கோடிங், ஒருவர் படம், ஒருவர் பாடமும் மொழியும், ஒருவர் ஒருங்கிணைப்பும் சோதனையும். ஒருங்கிணைப்பவருக்குக் கோடிங் வேலை கொடுக்காதீர்கள். கடைசி வாரங்களில் அவரும் கோடில் மூழ்கிவிட்டால், சோதனை நடக்கிறதா என்று பார்க்க ஆளிருக்காது.

முதல் வாரம் கம்ப்யூட்டரே வேண்டாம். சார்ட்டில் மலைகளை வரைந்து, புளியங்கொட்டைகளைக் காற்றாலையாக வைத்து இரண்டு பிள்ளைகளை விளையாடச் சொல்லுங்கள். விதி புரியவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். நான்காம் வாரம் முடிவதற்குள், வெறும் கட்டங்களும் வட்டங்களுமாகவாவது ஒரு லெவல் முழுதாக ஓட வேண்டும். எட்டாம் வாரத்துக்குள் மூன்று லெவல், படம், ஒலி. ஒன்பதிலிருந்து புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. அட்டவணை போடும்போது ஓண விடுமுறையைக் கணக்கில் வையுங்கள்: பாலக்காட்டுப் பக்கம் பத்து நாள் கல்லூரி இல்லை, கோவைப் பக்கம் மிஞ்சினால் ஒரு நாள்.

கேம் உருவாக்கும் மென்பொருளுக்கு கோடோ (Godot) 4 போதும், இலவசம். பழைய கோடோ 3 வேண்டாம், அதில் தமிழ் எழுத்து சரியாகக் கோக்கப்படாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எந்தக் கருவியானாலும் முதல் நாளே "தென்மேற்கு", "பொள்ளாச்சி" என்ற இரண்டு சொற்களைத் திரையில் போட்டுப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கொம்பும் காலும் மூன்றும் அதில் தெரிந்துவிடும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ்; எல்லைக்கு அப்பாலுள்ள பிள்ளைகளுக்கான மலையாளத்துக்கு அதன் மலையாள வடிவம்.

திரையில் வரும் சொற்களைக் கோடுக்குள்ளோ படத்துக்குள்ளோ எழுதாமல் ஒரு சிஎஸ்வி (CSV) அட்டவணை ஃபைலில் வையுங்கள்: முதல் நெடுவரிசையில் குறிச்சொல், அடுத்ததில் தமிழ், அதற்கடுத்து மலையாளம். எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 (UTF-8) முறையில் சேமிக்காவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பாடச் சொற்கள் அந்தப் பிள்ளைகளின் பாடநூலில் உள்ளபடியே இருக்கட்டும்.

கோடோவில் புராஜெக்ட் தொடங்கும்போதே, திரையில் படம் வரையும் ரெண்டரரை 'காம்பாட்டிபிலிட்டி' என்று வையுங்கள். பழைய லேப் கம்ப்யூட்டரிலும் விலை குறைந்த போனிலும் ஓட அதுதான் ஏற்றது. எல்லோர் வேலையையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் கிட்டில் (Git) '.godot' ஃபோல்டரைச் சேர்க்காதீர்கள். ஒரே சீனை (கேமின் ஒரு பகுதியை வைத்திருக்கும் ஃபைல்) இருவர் திருத்தினால் மெர்ஜ், அதாவது இருவர் மாற்றங்களையும் ஒன்றாக்குவது, சிக்கலாகி ஒருவர் வேலை அழியக்கூடும். ஆகவே ஒவ்வொரு லெவலும் தனி சீன், ஒவ்வொரு சீனுக்கும் ஒரே பொறுப்பாளர். மெர்ஜ் செய்வதும் ஒரே ஆள்தான், செய்த கையோடு கேமை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு எட்டுப் பிள்ளைகள் போதும், ஆளுக்கொரு போன். ஒரே போனை இருவரிடம் கொடுத்தால் ஒருவர்தான் விளையாடுவார். அருகில் நின்று வழி சொல்லாதீர்கள்; விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறியுங்கள். விளையாடுவதற்கு முன்னும் பின்னும், கேமில் வராத வேறொரு மலை வரைபடத்தைக் கொடுத்து, "காற்றாலையை எங்கே நடுவாய், ஏன்?" என்று கேளுங்கள். "ஏன்" என்பதற்கு வரும் பதில் மாறியிருந்தால்தான் கேம் கற்றுக்கொடுத்திருக்கிறது. "ஜாலியா இருந்துச்சு" என்பதை ரிப்போர்ட்டில் சான்றாக எழுத வேண்டாம்.

ஆண்ட்ராய்டு போனில் போடும் ஏபிகே (APK) ஃபைலை எடுக்கும்போது, அதில் டீமின் டிஜிட்டல் கையெழுத்தைப் போட உருவாக்கும் கீஸ்டோர் ஃபைலையும் அதன் பாஸ்வேர்டையும் இரண்டு பேரிடம் வையுங்கள். அது தொலைந்தால், பள்ளியில் ஏற்கெனவே போட்ட கேமின் மேல் புதிய பதிப்பு ஏறாது. ஒவ்வொரு போனிலும் பழையதை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டியிருக்கும்.