முதல் மென்பொருள் வேலை ஒத்துவராதபோது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலோ பெங்களூரிலோ முதல் மென்பொருள் வேலையில் ஓராண்டு தடுமாறிவிட்டுச் சேலத்துக்குத் திரும்பும் இளைஞர்கள் பலரும் செய்யும் பெரிய தவறு, "எனக்குக் கோடிங் வராது" என்ற ஒரே வரியில் தம் துன்பம் முழுவதையும் அடக்கிவிடுவதுதான். வராதது புதிதாக நிரல் எழுதுவதா, பிறர் எழுதிவைத்த பழைய நிரலைப் படித்துப் புரிந்துகொள்வதா, அல்லது இரவுப் பணியும் சந்தேகம் கேட்டாலே எரிந்துவிழும் மேலாளரும்தான் உண்மைக் காரணமா என்று பிரித்துப் பார்க்காதவரை, அடுத்த வேலையும் இருட்டில் தேடியதாகவே அமையும். என் அக்கா மகன் எட்டே மாதத்தில் வேலையை விட்டு வந்தான். அவனுக்குக் கசந்தது நாள் முழுவதும் யாரிடமும் பேசாமல் திரையைப் பார்த்திருந்ததுதான் என்பது, செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரக் கடைகளில் கணக்கு மென்பொருளை நிறுவி, பில் போடுபவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய பிறகே எங்களுக்குப் புரிந்தது. பிழை கண்டுபிடிப்பதில் ஆர்வம் உள்ளவருக்கு இதே துறையில் டெஸ்டிங் இருக்கிறது.

கோபத்தில் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் வெளியேறி, ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த நேர்காணலில் திணற வேண்டாம். ஐந்து ஆண்டுப் பணி நிறைவதற்குள் பி.எஃப். பணத்தை எடுத்தால் பொதுவாக அதற்கு வருமான வரி உண்டு என்பதால், அடுத்த வேலை கிடைக்கும் வாய்ப்பிருந்தால் அதைத் தொடாமல் புதிய கணக்குக்கு மாற்றுவதே நல்லது.

உறவினர் கேள்விகளுக்குப் பதிலாக மட்டும் "குரூப் 4 படிக்கிறேன்" என்று சொல்லி ஆண்டுகளைக் கழிப்பதும் வருத்தத்துக்குரியது. 2024 ஜூனில் நடந்த அத்தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. எழுதியவர்களோ 15 லட்சத்துக்கும் மேல். அரசுப் பணியை உண்மையாக விரும்புகிறவர், எத்தனை முயற்சிகள் என்பதை வீட்டாரிடம் பேசி முன்பே வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தவறு ஏற்காட்டு மலைமேல் நடக்கிறது. நகர வேலை சலித்ததும் சேமிப்பையெல்லாம் காபித் தோட்டத்தில் போட நினைப்பவர்கள், நட்ட செடி காய்ப்புக்கு வரவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதையும், அதுவரை களையெடுப்புக்கும் நிழல் மரக் கவாத்துக்கும் கூலி கொடுத்தாக வேண்டும் என்பதையும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வாழ்க்கை உண்மையிலேயே பிடிக்கிறதென்றால், நிலம் பார்ப்பதற்கு முன், குளிர்கால அறுவடை ஒன்று முழுவதும் யாராவது ஒரு தோட்டக்காரரிடம் சம்பளத்துக்கு இருந்து, பழம் பறிப்பது முதல் களத்தில் காய வைப்பது வரை கூட நின்று பாருங்கள்.