திருகோணமலைக்குப் போகிறீர்களா? பகலில் கடிக்கும் நுளம்பைக் கவனியுங்கள்

ஊருக்குப் போகப் பெட்டி அடுக்கும்போது எல்லாரும் இரவைத்தான் நினைக்கிறோம். வலை, நுளம்புத்திரி, படுக்கும்போது போட நீளக் காற்சட்டை. இவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திருகோணமலையில் நீங்கள் முதலில் பயப்பட வேண்டியது டெங்கு நுளம்புக்கு. அது காலையில் வெயில் ஏறத் தொடங்கும் நேரத்திலும், பின்னேரம் பொழுது சாய முன்னரும்தான் கூடுதலாகக் கடிக்கும். விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிற நேரமும் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடுகிற நேரமும் அதுதான்.

மலேரியாவை நினைத்துப் பதற வேண்டியதில்லை. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தது. சென்னை வழியாகப் போய் இந்தியாவில் கோயில் குளம் சுற்றிவிட்டு வரும் எண்ணம் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் மலேரியா மாத்திரை பற்றிக் கேளுங்கள். டெங்கு வேறு கதை. 2017 இல் நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு பதிவானது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கடுமையாக அடிபட்ட இடங்களில் திருகோணமலை மாவட்டத்திலுள்ள எங்கள் கிண்ணியாவும் ஒன்று.

கிழக்கில் மழை பெய்வது வாடைக்காற்றோடு. ஐப்பசி கார்த்திகையில் தொடங்கும் மழைக்குப் பிறகு, மார்கழியிலிருந்து மாசி பங்குனி வரை டெங்கு ஏறும் காலம். நத்தார், பொங்கல் விடுமுறைக்குப் போகிறவர்கள் நேராக அதற்குள்தான் இறங்குகிறார்கள். ஆடி ஆவணியில் கச்சான் காற்றடித்துக் காய்ந்து கிடக்கும்போது நுளம்பு குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்டால் பொரித்து, ஏழு முதல் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். வெயில் காலத்தில் வீடுகளில் பரலிலும் வாளியிலும் தண்ணீர் பிடித்து வைப்பார்கள், அதுவே அதற்குப் போதும்.

"புது இரத்தம் எண்டால் நுளம்புக்கு நல்ல விருப்பம்" என்று பெரியம்மா சொல்லுவா. நுளம்பு இரத்தத்தின் ருசி பார்த்து ஆளைத் தெரிவதில்லை. கடிப்பது பெண் நுளம்பு மட்டும், முட்டை உருவாக இரத்தத்திலுள்ள புரதம் அதற்குத் தேவை. நாங்கள் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைப் பல மீற்றர் தூரத்திலேயே உணர்ந்து, காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து வரும். கிட்ட வந்ததும் கண் வேலை செய்யும். இந்த வாயுவை மோந்த டெங்கு நுளம்பு சிவப்பு, செம்மஞ்சள், கறுப்பு நிறங்களை நோக்கிப் போவதும், வெள்ளை, பச்சை போன்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவதும் 2022 இல் வெளியான ஆய்வொன்றில் தெரிந்தது. கடைசி ஒரு மீற்றருக்குள் உடற்சூடும் வியர்வை ஈரமும் தோலின் வாசனையும் வழிகாட்டும். அதே ஆண்டில் நியூயோர்க்கின் ரொக்கஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தோலின் எண்ணெய்ப்பசையில் இருக்கும் காபொக்சிலிக் அமிலங்கள் கூடுதலாக உள்ளவர்களிடம் நுளம்பு கூடுதலாகப் போகிறது என்றும், அந்த ஈர்ப்பு ஆண்டுக்கணக்கில் மாறுவதில்லை என்றும் காட்டினார்கள். ஒரே பாயில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவரை மட்டும் துளைப்பதற்கு இது ஒரு காரணம். உள்ளி தின்பதாலோ விற்றமின் மாத்திரை போடுவதாலோ அது மாறும் என்று நம்பியிருக்காதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். காம்பியாவில் நடந்த ஆய்வில் மலேரியா நுளம்புகள் அவர்களை மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நாடின. அவர்கள் கூடுதலாக மூச்சு விடுவதும், வயிற்றுப் பகுதி சற்றுச் சூடாக இருப்பதும் காரணமாகச் சொல்லப்பட்டன.

அப்படியானால் வந்திறங்கியவர்களுக்கு மட்டும் ஏன் இப்படித் தடித்துச் சிவக்கிறது? நுளம்பின் எச்சிலுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு அது. நெடுக கடி வாங்கியவர்களுக்கு உடல் பழகிவிடும். பெரியம்மாவையும் கடிக்கிறது, அவவுக்குத் தடிப்பதில்லை. இதனால்தான் "இஞ்ச நுளம்பு இல்லைப் பிள்ளை" என்று வீட்டார் மனதார நம்பிச் சொல்லுவார்கள். அந்தச் சொல்லை வைத்து நுளம்பு விரட்டும் மருந்தைப் பூசாமல் இருந்துவிடாதீர்கள்.

டெங்கு நுளம்பை அடையாளம் பிடித்து வையுங்கள். சின்னது, கறுப்பு, கால்களில் வெள்ளை வளையம். காதுக்குள் ரீங்காரமிட்டு எழுப்பாது. கட்டிலுக்குக் கீழே, தொங்கும் உடுப்புகளுக்குள், திரைச்சீலையின் பின்னால் இருட்டில் ஒதுங்கியிருக்கும். சாப்பாட்டு மேசைக்குக் கீழே வந்து கணுக்காலிலும் முழங்காலின் பின்புறத்திலும் குத்திவிட்டு, ஆள் காலை அசைத்தால் விலகி, திரும்பவும் அதே காலுக்கு வரும். மேலே சுழலும் மின்விசிறி மேசைக்குக் கீழே பெரிதாகக் காற்றுத் தராது. மேசை விசிறி ஒன்றை நிலத்தில் வைத்துக் காலை நோக்கித் திருப்பி விடுங்கள். நுளம்பு பலமாகப் பறக்கக்கூடியதல்ல, காற்று நாங்கள் விடும் மூச்சையும் கலைத்துவிடும். என்னைக் கேட்டால் திரியின் புகையை அடைத்த அறையில் பிள்ளைகளைச் சுவாசிக்க விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பூசும் மருந்தில் 20 முதல் 30 வீதம் டீட் அல்லது 20 வீதம் பிகாரிடின் இருக்கிறதா என்று போத்தலில் பாருங்கள். காலையில் குளித்த கையோடு, தேத்தண்ணீருக்கு முன்னரே பூசுங்கள். வெயிற்கிறீம் போடுவதானால் அதை முதலில் பூசி, காய்ந்த பிறகு இதைப் பூச வேண்டும். நிலாவெளியில் கடலில் குளித்தாலோ கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வார்த்தாலோ கழுவுப்பட்டுவிடும், திரும்பப் பூச வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு டீட் கூடாது, அவர்களைப் பகலிலும் வலைக்குள் வளர்த்துங்கள். சின்னப் பிள்ளைகளின் கையில் பூசாதீர்கள், வாய்க்குள் வைப்பார்கள். டீட் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தையும் பிளாஸ்ரிக்கையும் கெடுக்கும். சித்ரனெல்லா எண்ணெய் வாசமாக இருக்கும், ஆனால் அதன் பலன் சீக்கிரம் போய்விடும். தம்பலகாமம் பக்கம் வயலோரத்தில் இரவு தங்குகிறவர்கள் அந்திக்கும் இன்னொருமுறை பூசுங்கள், வயல் நுளம்பு இருட்டிய பிறகு வரும்.

பூட்டிக் கிடக்கும் சொந்த வீட்டைத் திறக்கப் போகிறவர்கள், படுக்கை விரிக்க முன்னர் ஒரு சுற்றுப் பாருங்கள். கூரைப் பீலியில் சருகு அடைத்திருக்கும். பாவிக்காத கொமோட்டிலும் அதன் தண்ணீர்த் தொட்டியிலும் புழு நெளியும். பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப்பெட்டியின் பின்னால் உள்ள தட்டு, சிரட்டை, பழைய ரயர், மூடாத கிணறு, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரை உரஞ்சிக் கழுவினால்தான் முட்டை போகும். திரும்பி வரும்போது கொமோட்டை மூடி ரேப் ஒட்டிவிட்டு வாருங்கள். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம். ஆளில்லாத வளவென்றாலும் பொறுப்பு உங்களுடையது, அயல்வீட்டுப் பிள்ளைகள்தான் அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.

காய்ச்சல் வந்தால் பனடோல் (பரசிற்றமோல்) மட்டும் போடுங்கள். அஸ்பிரின், ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனக் எதையும் தொடக்கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டும். டெங்கு வைரசில் நான்கு வகை உண்டு. ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை தொற்றினால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். சின்ன வயதில் ஊரில் வளர்ந்த எங்களில் பலருக்கு அறியாமலே ஒருமுறை வந்து போயிருக்கலாம். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று எழுந்து திரிய வேண்டாம், ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் முரசில் இரத்தம், கிடந்த இடத்தில் சோர்வு, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பப்பாசி இலைச்சாறு குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள் படுக்க வேண்டும், அவரைக் கடித்த நுளம்புதான் பிறகு வீட்டிலுள்ள மற்றவர்களுக்குக் கொண்டுபோகும்.

கடித்து நான்கு முதல் பத்து நாளில்தான் பெரும்பாலும் காய்ச்சல் காட்டும், சிலருக்கு இரண்டு கிழமையும் செல்லும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இறங்கிய பிறகு காய்ச்சலடித்தால், இலங்கையில் இருந்து வந்ததையும் வந்த திகதியையும் மருத்துவர் கேட்க முன்னரே சொல்லி, டெங்குப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.