செய்தி அனுப்பும் செயலிகள் சேமிக்கும் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைபேசியில் இடம் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தவுடன் பலரும் கேலரியைத் திறந்து, கண்ணில் படும் வாழ்த்துப் படங்களையும் காணொளிகளையும் அவசரமாக அழிக்கத் தொடங்குகிறார்கள். அந்த அவசரத்தில், வேண்டாதவற்றோடு சேர்ந்து திரும்பக் கிடைக்காத குடும்பப் படங்களும் சான்றிதழ்ப் படங்களும் போய்விடுகின்றன. இவ்வளவு அழித்தும் எதிர்பார்த்த அளவுக்கு இடம் கிடைக்காமல் போவதும் உண்டு. இழப்பு, இடமின்மை ஆகிய இரண்டுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான்: வாட்ஸ்அப் போன்ற செயலியின் உரையாடலில் வந்த ஒரு படம் கைபேசியில் எங்கே இருக்கிறது, எத்தனை பிரதிகளாக இருக்கிறது என்பதை அறியாமலேயே அதன்மீது கை வைக்கிறோம். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அறியாமையிலிருந்தே பிறக்கின்றன.

கேலரியில் அழித்தால் உரையாடலில் இருக்கும் என்று நம்புவது

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வாட்ஸ்அப் தான் பெறும் படங்களைத் தனக்கென உள்ள ஒரு கோப்புறையில் வைக்கிறது. கோப்பு மேலாளரைத் திறந்து, ஆண்ட்ராய்டு என்ற கோப்புறைக்குள் உள்ள மீடியா என்ற கோப்புறைக்குச் சென்றால், வாட்ஸ்அப்பின் பெயரில் ஒரு கோப்புறையும் அதனுள் படங்கள், காணொளிகள், ஆவணங்கள் எனத் தனித்தனிப் பிரிவுகளும் இருப்பதைக் காணலாம். உரையாடலில் தெரியும் படமும் கேலரியில் தெரியும் படமும் அங்கே இருக்கும் ஒரே கோப்புதான். ஒரே அறையை இரண்டு சன்னல்கள் வழியாகப் பார்ப்பதைப் போன்றது இது. ஆகவே கேலரியில் அழித்தால் உரையாடலிலும் படம் போய்விடுகிறது. அங்கே மங்கலான ஒரு முன்தோற்றம் மட்டும் எஞ்சும். அதைத் தொட்டால், கோப்பு இல்லை, அனுப்பியவரிடம் மீண்டும் கேளுங்கள் என்ற பொருளில் ஒரு செய்தி வரும். கோப்பைக் கோப்பு மேலாளர் வழியாக வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலும் இதுவே நடக்கும். பிரித்து அடுக்க விரும்புகிறவர்கள் நகர்த்துவதற்குப் பதிலாக முதலில் நகலெடுத்து, நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே மூலத்தை அழிப்பது நல்லது.

ஐபோனில் நிலைமை நேர்மாறானது. அங்கே வாட்ஸ்அப் பெறும் படம் செயலிக்குள்ளேயே இருக்கிறது. 'சேவ் டு போட்டோஸ்' என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், அதே படத்தின் இன்னொரு பிரதி போட்டோஸ் செயலியிலும் சேர்கிறது. இவை இரண்டும் தனித்தனிக் கோப்புகள். ஒன்றை அழித்தால் மற்றொன்று அப்படியே இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் பல நூறு படங்களை போட்டோஸில் அழித்தும் வாட்ஸ்அப்பின் அளவு குறையாமல் இருப்பதைக் கண்டு குழம்புவது இதனால்தான். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, அங்கிருந்து இங்கோ மாறுகிறவர்கள் பழைய பழக்கத்தின்படியே அழித்தால் ஒரு திசையில் இழப்பு நேரும், மறு திசையில் இடம் வீணாகும்.

காட்டாமல் இருப்பதைச் சேமிக்காமல் இருப்பதாக எண்ணுவது

மிகவும் பரவலான தவறு இதுவே என்று கருதுகிறேன். வாட்ஸ்அப்பில் 'மீடியா விசிபிலிட்டி' என்று ஓர் அமைப்பு உண்டு. அதை அணைத்துவிட்டால் குழுப் படங்கள் கேலரியில் வருவது நின்றுவிடுகிறது. உடனே, படங்கள் இனிக் கைபேசியில் சேராது என்று நிம்மதி அடைந்துவிடுகிறோம். உண்மையில் அந்த அமைப்பு படத்தை மறைக்கிறதே தவிர, பதிவிறக்கத்தைத் தடுப்பதில்லை. கேலரிச் செயலிகள் தேடிப் பார்க்க வேண்டாத கோப்புறை இது என்று ஆண்ட்ராய்டுக்கு அறிவிக்கும் 'நோமீடியா' என்ற சிறிய குறிப்புக் கோப்பின் துணையோடு இந்த மறைப்பு நடக்கிறது. படங்கள் முன்போலவே வந்து சேர்ந்துகொண்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் அவற்றை அழிக்க வேண்டும் என்ற நினைவும் வராது என்பதுதான் இதில் கூடுதல் சிக்கல். மேலும், இந்த மாற்றம் அதற்குப் பிறகு வரும் படங்களுக்கு மட்டுமே பொருந்தும். முன்பே கேலரியில் சேர்ந்தவை அங்கேயே இருக்கும்.

இடத்தையும் டேட்டாவையும் மிச்சப்படுத்துவதற்கான அமைப்பு வேறு. வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற பகுதிக்குள், மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என மூன்று நிலைகளுக்கும் தனித்தனியே எவை தானாகப் பதிவிறங்க வேண்டும் என்று தேர்வு செய்யலாம். வைஃபையில் எல்லாமே இறங்கட்டும் என்று விட்டுவிடுவது பலரின் வழக்கம். ஆனால் வைஃபை மிச்சப்படுத்துவது டேட்டாவை மட்டுமே, கைபேசியின் இடத்தை அல்ல. காணொளிகளை மூன்று நிலைகளிலும் அணைத்து, படங்களை வைஃபைக்கு மட்டும் விட்டுவைப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும் ஏற்பாடு. குரல் செய்திகள் எந்த அமைப்பு எப்படி இருந்தாலும் தானாகவே இறங்கும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. வாட்ஸ்அப் படங்களைத் தன் சேவையகத்தில் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் பிறகு தொட்டால், படம் கிடைக்காமல் போகலாம். தானியங்கிப் பதிவிறக்கத்தை அணைக்கிறவர்கள், முக்கியமான படத்தை வந்த அன்றே தொட்டு இறக்கிவிட வேண்டும்.

ஒரே விதியை எல்லா உரையாடல்களுக்கும் பொருத்துவதும் இத்துடன் சேர்ந்த தவறுதான். கேலரியில் காட்டுவதா என்பதை ஆண்ட்ராய்டிலும், போட்டோஸில் சேமிப்பதா என்பதை ஐபோனிலும், ஒவ்வொரு உரையாடலுக்கும் தனியாக முடிவு செய்யலாம். பெற்றோர், பிள்ளைகள், நெருங்கிய நண்பர்கள் ஆகியோருடனான உரையாடல்களுக்கு அனுமதித்து, நூற்றுக்கணக்கானோர் உள்ள குழுக்களுக்கு மறுத்துவிட்டால், கேலரி மீண்டும் நம்முடையதாகிவிடும். முன்பின் அறியாதவர்கள் நிறைந்த குழுவில் யார் எதை அனுப்பினாலும் அது நம் கைபேசியில் வந்து அமர்கிறது. வீட்டுக் குழந்தைகளும் அதே கேலரியைத்தான் திறக்கிறார்கள். இடப் பிரச்சினையைவிட இதுவே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

மேகச் சேமிப்பைக் கண்மூடி நம்புவது

கேமராவில் எடுத்த படங்கள் தானாகவே கூகுள் போட்டோஸில் ஏறுவதைப் பார்த்துப் பழகியவர்கள், வாட்ஸ்அப்பில் வந்தவையும் அவ்வாறே ஏறும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டில் கேமரா கோப்புறை மட்டுமே இயல்பாக பேக்கப் ஆகும். வாட்ஸ்அப் படங்களின் கோப்புறையை நாமே தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காமல் இருந்து கைபேசி தொலைந்துபோனால், கூகுள் போட்டோஸில் தேடினால் எதுவும் கிடைக்காது.

தேர்ந்தெடுத்தவர்களுக்குக் காத்திருக்கும் சிக்கல் வேறு. 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற பொத்தானை அழுத்தினால், பேக்கப் ஆன படங்களின் கைபேசிப் பிரதிகள் நீக்கப்படும். வாட்ஸ்அப் கோப்புறையும் அந்தப் பட்டியலில் இருந்தால், உரையாடல்களில் இருந்த படங்கள் ஒரே நேரத்தில் காணாமல் போகும். கூகுள் போட்டோஸில் அவை பத்திரமாக இருக்கும், ஆனால் எந்தப் படம் எந்த உரையாடலில் எந்தச் செய்தியோடு வந்தது என்ற தொடர்பு அறுந்துவிடும். ரசீதுப் படங்களையும் பணப் பரிமாற்றச் சான்றுகளையும் உரையாடலில் தேடி எடுக்கும் பழக்கமுடையவர்களுக்கு இது பெரிய இழப்பு. தவறி அழித்ததை உடனே உணர்ந்தால் குப்பைத்தொட்டியைப் பார்க்கலாம்: கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாள்களும் ஆகாதவை 30 நாள்களும் அங்கே இருக்கும், ஐபோனிலும் அண்மையில் அழித்தவற்றின் தொகுப்பு 30 நாள்கள் வரை படங்களை வைத்திருக்கும். இட நெருக்கடியில் குப்பைத்தொட்டியையும் சேர்த்துக் காலி செய்யும் பழக்கம் இந்த வாய்ப்பையும் பறித்துவிடுகிறது.

இலவச இடம் எவ்வளவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கூகுள் கணக்குக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 2021 ஜூன் மாதத்திலிருந்து போட்டோஸில் ஏறும் படங்கள் அந்தக் கணக்கில் சேர்கின்றன. ஆண்ட்ராய்டில் எடுக்கப்படும் வாட்ஸ்அப் பேக்கப், பல ஆண்டுகள் கணக்கில் சேராமல் இருந்து, 2024 முதல் அதுவும் சேர்க்கப்பட்டுவிட்டது. வாட்ஸ்அப் படங்களை போட்டோஸிலும் ஏற்றி, வாட்ஸ்அப் பேக்கப்பிலும் வைத்திருப்பவர் ஒரே படத்துக்கு இரு முறை இடம் கொடுக்கிறார். ஐபோனில் ஐகிளவுட் தரும் 5 ஜிபி இதைவிட விரைவாகவே நிறைந்துவிடும். எந்த ஓரிடத்தில் வைத்திருப்பது என்று முடிவு செய்துகொண்டு, மற்றொன்றை விட்டுவிடலாம். ஒருவர் வாட்ஸ்அப் பேக்கப்பை முனைக்கு முனை குறியாக்கத்தால், அதாவது தன்னைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி, பூட்டி வைத்திருந்தாலும், அந்தப் பூட்டு போட்டோஸில் ஏறிய பிரதிக்குப் பொருந்தாது என்பதையும் இந்த முடிவின்போது நினைவில் கொள்ள வேண்டும்.

உரையாடலில் இருப்பதே மூலப்படம் என்று எண்ணுவது

சாதாரணமாக அனுப்பப்படும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கியே அனுப்புகிறது. 2023-இல் வந்த எச்டி தேர்வு தரத்தை உயர்த்துகிறது, எனினும் அதுவும் கேமரா எடுத்த மூலக் கோப்பு அல்ல. படம் எடுத்த நாள், இடம் போன்ற உட்தகவல்களும் வழியில் நீக்கப்படுகின்றன. அதனால்தான் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தை இன்று ஒருவர் அனுப்பினால், அது இன்றைய தேதியில் கேலரியில் நிற்கிறது. உறவினர்களுக்கு அனுப்பிவிட்டோமே, அங்கே இருக்கும் என்ற எண்ணத்தில் மூலப்படத்தை அழித்தவர்கள், பெரிதாக அச்சிட நினைக்கும்போதுதான் இழந்தது என்னவென்று அறிகிறார்கள். மூலத்தரம் வேண்டுமென்றால் படத்தை ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். 2 ஜிபி வரையிலான கோப்புகளை அப்படி அனுப்பலாம். ஆனால் ஆவணமாக அனுப்பும்போது, படம் எடுத்த இடத்தின் விவரமும் கோப்புக்குள் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். ஆகையால் வீட்டில் எடுத்த படங்களை அறிமுகமில்லாதவர்களுக்கு இம்முறையில் அனுப்பக் கூடாது.

மறையும் செய்தியோடு படமும் மறையும் என்று நம்புவது

24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று காலம் குறித்து மறையும் செய்திகள் உரையாடலிலிருந்து மட்டுமே உறுதியாக மறைகின்றன. பெறுபவரின் கைபேசி படத்தைத் தானாகச் சேமிக்கும்படி அமைந்திருந்தால், சேமித்த பிரதி அங்கேயே தங்கிவிடலாம். அனைவருக்கும் அழிக்கும் வசதிக்கும் இதே வரம்பு உண்டு: அனுப்பியதிலிருந்து சுமார் இரண்டரை நாள் வரை செய்தியைத் திரும்பப் பெறலாம் என்றாலும், ஐபோனில் போட்டோஸுக்குச் சென்றுவிட்ட பிரதியை அது தொடாது. 2025-இல் அறிமுகமான 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி' என்ற அமைப்பை ஓர் உரையாடலில் இயக்கினால், அதில் உள்ள மற்றவர்களின் கைபேசிகளிலும் படங்கள் தானாகக் கேலரிக்குச் செல்வது தடுக்கப்படுகிறது. எனினும் அதுவும் திரையைப் படமெடுப்பதைத் தடுப்பதில்லை. அடையாள ஆவணங்களையும் குழந்தைகளின் படங்களையும் அனுப்பும்போது, 'ஒரு முறை மட்டும் பார்க்க' என்ற தேர்வு ஓரளவு துணை செய்யும். அது கேலரியில் சேமிக்கப்படாது, 14 நாள்களுக்குள் திறக்காவிட்டால் காலாவதியாகிவிடும்.

ஒரு செயலியின் பழக்கத்தை இன்னொன்றில் எதிர்பார்ப்பது

டெலிகிராமில் சாதாரண உரையாடல்களின் படங்கள் அதன் சேவையகத்தில் இருக்கின்றன. கைபேசியில் உள்ள தற்காலிகச் சேமிப்பை முழுவதும் நீக்கினாலும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். ரகசிய உரையாடல்களுக்கு இது பொருந்தாது. சிக்னல் தன் படங்களைச் செயலிக்குள்ளேயே குறியாக்கம் செய்து வைப்பதால், நாமே சேமித்தால் ஒழிய கேலரியில் அவை தெரியாது. பேக்கப் இல்லாமல் செயலியை நீக்கினால் எல்லாம் போய்விடும். டெலிகிராமில் அச்சமின்றிச் செய்ததை வாட்ஸ்அப்பிலோ சிக்னலிலோ செய்துவிடக் கூடாது.

தவறான இடத்தில் துப்புரவைத் தொடங்குவது

கைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று வாட்ஸ்அப்பின் 'கிளியர் டேட்டா' என்ற பொத்தானை அழுத்துவது, உரையாடல்களையே துடைத்துவிடும் செயல். 'கிளியர் கேச்' என்பது வேறு, அது தற்காலிகச் சேமிப்பை மட்டும் நீக்குவதால் அதில் இழப்பு இல்லை. துப்புரவு செய்வதாக விளம்பரப்படுத்தப்படும் பிற செயலிகளிடம் கேலரி முழுவதையும் ஒப்படைக்கத் தேவையும் இல்லை. வாட்ஸ்அப்புக்குள்ளேயே 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்ற பகுதி, 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளையும் பலமுறை பகிரப்பட்டவற்றையும் தனியாகத் தொகுத்துக் காட்டுகிறது; எந்த உரையாடல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதையும் வரிசைப்படுத்துகிறது. முதலில் காணொளிகளை நீக்குங்கள். நூறு படங்களை அழித்துக் கிடைக்கும் இடம் ஓரிரு நீண்ட காணொளிகளிலேயே கிடைத்துவிடும். அழிப்பதற்கு முன், வைத்துக்கொள்ள வேண்டியவற்றுக்கு நட்சத்திரக் குறியிட்டுவிடுங்கள். ஓர் உரையாடலை மொத்தமாகக் காலி செய்யும்போது நட்சத்திரமிட்டவற்றை விட்டுவைக்கும் தேர்வு உண்டு. ஆண்ட்ராய்டில் அதே கட்டத்தில், கேலரியில் உள்ள கோப்பையும் சேர்த்து அழிக்கலாமா என்று கேட்கும் சிறிய பெட்டி ஒன்று தோன்றும். அதில் குறியிட்டால்தான் இடம் கிடைக்கும். குறியிடாவிட்டால் செய்தி போகும், கோப்பு நிற்கும். அந்தப் பெட்டியை வாசிக்காமல் 'சரி' என்று அழுத்திவிடாதீர்கள்.

நாம் அனுப்பிய படங்களின் சுருக்கப்பட்ட பிரதிகளும் வாட்ஸ்அப்பின் பட, காணொளிக் கோப்புறைகளுக்குள் 'சென்ட்' என்ற தனி உட்கோப்புறையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும். அவை கேலரியில் தெரிவதில்லை. மூலப்படம் நம்மிடம் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, கோப்பு மேலாளர் வழியாக அந்தக் கோப்புறையைக் காலி செய்யலாம். நாம் அனுப்பிய பழைய படங்கள் உரையாடலில் திறக்காது என்பதைத் தவிர வேறு இழப்பு இல்லை.