கொடியை எங்கே எண்ணுவது? களமாதிரி எடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏறுகொடி ஒன்று காட்டின் உட்பகுதியிலும் காட்டோரத்திலும் புதர்நிலத்திலும் ஆற்றங்கரையிலும் எவ்வாறு பரவியிருக்கிறது என்று ஒப்பிட முனைவோர், மரத்துக்கோ புல்லுக்கோ வகுத்த முறையை அப்படியே கொடிக்கும் பொருத்திவிடுகிறார்கள். மரம் வேரூன்றிய இடத்திலேயே நிற்கிறது. கொடியோ ஓரிடத்தில் வேர்விட்டு, பல மீட்டர் தள்ளி வேறொரு மரத்தின் உச்சியில் இலை விரிக்கிறது. ஆகவே, மாதிரிக் கட்டத்துக்குள் (எண்ணுவதற்காகத் தரையில் அளந்து குறிக்கும் பரப்புக்குள்) நீட்டிக்கொண்டிருக்கும் கொடிகளையெல்லாம் எண்ணுவதா, அதற்குள் வேரூன்றியவற்றை மட்டும் எண்ணுவதா என்பதைக் களத்துக்குப் போகுமுன்பே முடிவுசெய்துவிட வேண்டும். அடர்த்தியை அறிய வேரூன்றியவற்றை எண்ணுவதே வழக்கம். இலைப்பரப்பு தேவையென்றால் அதைத் தனியாகப் பதிவுசெய்யலாம்.

எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல கொடிகள் தரையில் படர்ந்து கணுதோறும் வேர்விடுவதால், பத்துச் செடிகளாகத் தெரிபவை மண்ணுக்கடியில் ஒரே செடியாக இருக்கக்கூடும். தோண்டிப் பார்க்க இயலாத நிலையில் ‘செடிகள்’ என்று எழுதாமல் ‘வேரூன்றிய தண்டுகள்’ என்று எழுதுவதே நேர்மை. தண்டின் விட்டத்தைத் தரையிலிருந்து செங்குத்தாக 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பதும் மரத்திலிருந்து வந்த பழக்கமே. தண்டு மரம்போல் கட்டையாகும் மரக்கொடிகளுக்கு, வேரூன்றிய இடத்திலிருந்து தண்டின் வளைவோடு நாடாவை ஓட்டி 1.3 மீட்டரில் அளக்க வேண்டும்.

இடத்தேர்வில் நேரும் பிழையைப் பின்னர் எந்தப் புள்ளியியலாலும் சரிசெய்ய முடியாது. கொடி கண்ணில் பட்ட இடத்தில் கட்டத்தைப் போடுவது வெளிப்படையான தவறு. நடைபாதையை ஒட்டியே கட்டங்களை அமைப்பது அவ்வளவு எளிதில் புலப்படாத தவறு: பாதையோரத்தில் வெளிச்சம் கூடுதல், வெளிச்சம் மிகுந்த விளிம்புகளில் பல கொடிகள் செழிக்கும், எனவே ‘காட்டின் உட்பகுதி’ என்று குறித்த தரவு உண்மையில் காட்டோரத்தின் தரவாகிவிடும். கட்டத்தைக் குறிக்கும் சட்டகத்தைத் தோளுக்குப் பின்னால் வீசி எறிவதும் சமவாய்ப்புத் தேர்வு ஆகாது. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஆயங்களை, அதாவது இடத்தைக் காட்டும் எண்களை, முன்பே குறித்துக்கொண்டு அந்த இடங்களுக்குப் போக வேண்டும். அங்கே கொடி இல்லையென்றால், அந்தச் சுழியத்தையும் விடாமல் எழுத வேண்டும்.

ஒரே காட்டில் 20 கட்டங்கள் போட்டுவிட்டு, அவற்றை 20 காடுகளின் சான்றுபோலக் கணக்கிடுவது பட்டறிவு உள்ளவர்களும் செய்யும் தவறு. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் இதைப் ‘போலி மறுசெய்கை’ என்று சுட்டினார். ஒரு காட்டையும் ஒரு புதர்நிலத்தையும் மட்டும் பார்த்தவர், அவ்விரண்டு இடங்களுக்குள்ள வேறுபாட்டைத்தான் சொல்ல முடியும். வாழிட வகைகளைப் பற்றிப் பேச, ஒவ்வொரு வகையிலும் தனித்தனியான பல இடங்கள் வேண்டும். நாள் குறைவாக இருந்தால், ஓரிடத்தில் கட்டங்களைக் குறைத்து இடங்களைக் கூட்டுவதே மேல்.

திறந்த வெளியில் எளிதில் தென்படும் கொடி, உயர்ந்த காட்டின் விதானத்தில் மறைந்துவிடும். இருநோக்கியின்றி அங்கே ‘இல்லை’ என்று எழுதக்கூடாது. ஒரே கொடியின் இலைகூட மாறுபடும்: ஐவியின் இளந்தண்டில் மடல்களாகப் பிளந்த இலைகளும், பூக்கும் கிளையில் பிளவற்ற இலைகளும் இருப்பதால், புதியவர் அவற்றை இரு இனங்களாகப் பதிவுசெய்துவிடலாம்.

கொழுகொம்பைக் குறித்துவைக்காமல் விடுவது மற்றொரு குறை. பற்றுக்கம்பியால் ஏறும் கொடிகள் பெரும்பாலும் மெல்லிய கிளைகளையே பற்றும். பருத்த அடிமரங்கள் மட்டுமே உள்ள இடத்தில் அவை இல்லாததற்கு மண்ணையோ ஈரத்தையோ காரணம் காட்டுவது பொருந்தாது. ஆகவே, கொடி இல்லாத கட்டங்களிலும் கிடைக்கும் கொம்புகளின் எண்ணிக்கையையும் பருமனையும் அளக்க வேண்டும்.