ரடர் இணைப்பு: முதலில் கம்பி, அப்புறம்தான் ரேடியோ

மாடல் விமானத்தின் வாலில், அதை இடவலமாகத் திருப்பும் பலகையான ரடர் கோணலாக நின்றால் பலரும் உடனே டிரான்ஸ்மிட்டர் மெனுவைத் திறந்து சப்-ட்ரிம்மை (சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் அமைப்பு) தள்ளுகிறார்கள். அது தலைகீழ் வேலை. இணைப்பின் குறையை ரேடியோ மறைக்குமே தவிர, தீர்க்காது.

ட்ரிம், சப்-ட்ரிம் இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, சர்வோவுக்கு, அதாவது ரடரை அசைக்கும் சிறு மோட்டாருக்கு, மின்சாரம் கொடுத்து, அது நடுவுக்கு வந்த பிறகே அதன் ஆர்மை (துளைகள் உள்ள சிறு கை) மாட்டுங்கள். ஆர்ம், ரடரைத் தள்ளி இழுக்கும் தண்டான புஷ்ராடுக்கு 90 டிகிரியில் நிற்க வேண்டும். சற்றுச் சாய்ந்தால் சர்வோ அச்சின் வேறு பல்லில் மாட்டிப் பாருங்கள். வழக்கமான அளவில் ஃபுட்டாபா நிறுவன சர்வோவுக்கு 25 பல், ஜேஆர் நிறுவனத்துக்கு 23. ஒன்றின் ஆர்மை மற்றதில் அழுத்தித் திணிக்கக் கூடாது.

அதிகம் காண்கிற தவறு துளைத் தேர்வுதான். ஆர்மின் வெளித்துளையில் கம்பியைக் கோத்துவிட்டு, ரடர் அளவுக்கு மீறி ஆடுகிறது என்று ரேடியோவில் பாதியாகக் குறைக்கிறார்கள். சர்வோவின் பாதி அசைவு வீணாகிறது, துல்லியமும் போகிறது. ஆர்மில் உள்துளைக்கும் ஹார்னில் (ரடரில் பதித்த துளையுள்ள பிடி) வெளித்துளைக்கும் மாற்றுங்கள். ஆட்டம் குறையும், பிடிப்பு வலுக்கும், கம்பி முனையில் உள்ள கவ்வியான கிளெவிஸின் தளர்வும் ரடரில் அவ்வளவாகத் தெரியாது. ஹார்ன் துளை கீல் கோட்டுக்கு நேராக இருக்கட்டும். பின்தள்ளி இருந்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு திரும்பாது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். பினாங்கில் ஏர்கான் அறையில் நேராக்கிய ரடர், நண்பகல் திடலில் சற்றுத் திரும்பியிருக்கலாம். காரணம், நைலான் புஷ்ராட் சூட்டில் நீள்கிறது. 70 செ.மீ. நீளமுள்ள தண்டு 10 டிகிரி ஏறினாலே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடும். அதனால் கடைசி ட்ரிம்மைத் திடலிலேயே வையுங்கள். நீண்ட உடலுக்குக் கார்பன் தண்டுதான் என் தேர்வு. எந்தத் தண்டானாலும் நடுவில் தாங்கல் வேண்டும், இல்லையென்றால் தள்ளும்போது வளையும்.

புஷ்ராடுக்குப் பதில் இரண்டு கேபிள் இருபுறமும் இழுக்கும் முறையில் வீணை நரம்பைப் போல முறுக்கேற்றாதீர்கள். சர்வோவின் தாங்கிதான் தேயும். தொய்வு இல்லாமல் இருந்தால் போதும். ஆர்மின் இரு துளைகளுக்கு இடையிலுள்ள தூரமும் ஹார்ன் துளைகளின் தூரமும் ஒன்றாக இருக்கட்டும்.

கடைசியாக ரடர் ஸ்டிக்கை முழுக்கத் தள்ளிப் பிடியுங்கள். சர்வோ ரீங்கரித்தால் எங்கோ முட்டுகிறது, உடனே தேடிச் சரிசெய்யுங்கள். வாலுக்குப் பின்னால் நின்று, ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் ரடரும் வலப்பக்கம் போகிறதா என்று பாருங்கள். கிளெவிஸ் மேல் சிலிகான் குழாய்த் துண்டு போட்டிருக்க வேண்டும். கடலோரத்தில் பறக்கவிடுபவர்கள் எஃகுக் கம்பியில் துரு பிடித்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.