ஸ்ரோருக்குள் ஜிபிஎஸ் எடுபடாவிட்டால் பீக்கன் பூட்டுங்கள்

ஸ்ரான்லி வீதிப் பக்கம் மாமாவுக்கு ஒரு ஹார்ட்வெயார் ஸ்ரோர் இருக்கிறது. முன்பக்கம் கொங்கிறீற், பின்பக்கம் தகரக்கூரை, இடையில் கம்பியும் பைப்பும். உள்ளே நின்று மப்பைத் திறந்தால் நீலப்புள்ளி ஒருநேரம் வீதியில் நிற்கும், இன்னொருநேரம் பக்கத்து வளவுக் கிணற்றடியில் நிற்கும். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலுள்ள ஜிபிஎஸ் செய்மதிகளிலிருந்து வருகிற சிக்னல் நிலத்துக்கு வரும்போதே நன்றாகத் தேய்ந்திருக்கும், தகரத்தையும் தாண்டி வா என்றால் பாவம் அது எப்படி வரும்?

எங்களுக்குத் தேவை ஒன்றுதான்: சாமான் எண்ணுகிற பெடியன் எந்தப் பகுதியில் நிற்கிறானோ அந்தப் பகுதிப் பட்டியலை ஃபோன் தானாகத் திறக்க வேண்டும். அதற்கு புளூடூத் பீக்கன் காணும். பட்டன் பற்றரி போட்ட சின்னப் பெட்டி, ஓயாமல் தன் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும், வேறொன்றும் தெரியாது. எது பலமாகக் கேட்கிறது என்று பார்ப்பது ஃபோனின் வேலை.

ஐபீக்கன் முறையில் பேசுவதாகப் பார்த்து வாங்குங்கள், அப்பிள் 2013இல் கொண்டுவந்தது. பீக்கன் சொல்கிற இலக்கம் மூன்று துண்டாக இருக்கும்: யூயூஐடி என்கிற நீள அடையாள இலக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, மேஜர் என்கிற இலக்கம் மாடிக்கு, மைனர் என்கிற இலக்கம் பகுதிக்கு. பூட்டுவதற்கு முதலே இலக்கத்தையும் பற்றரி போட்ட திகதியையும் ரேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள், ஏணியில் ஏறிய பிறகு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். விநாடிக்கு ஒருதரம் சொன்னால் போதும், பத்துத்தரம் சொல்ல வைத்தால் பற்றரி கெதியில் தீர்ந்துவிடும்.

இடம்தான் முக்கியம். நான் முதலில் இரும்பு ராக்கையிலேயே ஒட்டினேன், சிக்னல் படுத்துவிட்டது. இரும்பு அன்ரெனாவைக் குழப்பும், மனித உடம்பில் இருக்கிற தண்ணீர் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைக் குடித்துவிடும். ஆகவே தலைக்கு மேலே, சுவரில். வேறு வழியில்லாமல் இரும்பில் ஒட்டுவதென்றால் இடையில் ஒரு ரெஜிஃபோம் துண்டு வையுங்கள்.

பிறகு புளூடூத் சிக்னலைக் காட்டுகிற என்ஆர்எஃப் கனெக்ட் அப்பைப் போட்டு ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நிமிடம் நின்று, பீக்கனைப் பார்த்தும் முதுகைக் காட்டியும், ஆர்எஸ்எஸ்ஐயை, அதாவது சிக்னல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்கிற அளவை, டெசிபெல் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். (பழைய அன்ட்ரொயிட்டில் இதற்கும் லொகேஷனை ஒன் பண்ணச் சொல்லும், சிரித்துவிட்டு ஒன் பண்ணுங்கள்.) இதை மீற்றராக மாற்றப் போய் மினக்கெடாதீர்கள். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும், ஸ்ரோருக்குள் ஒருத்தர் குறுக்கே நின்றாலே அதைவிடக் கூடக் குறையலாம், கணக்கு எங்கே சரிவரும்? பட்டியலைத் திறக்கிற அப்புக்கு இப்படிச் சொல்லிவையுங்கள்: கடைசி ஐந்து அளவீட்டின் சராசரியில் எந்தப் பீக்கன் பலமோ அதுதான் பகுதி. புதியது 6 டெசிபெல்லாவது கூடி, மூன்று விநாடி அப்படியே நின்றால் மட்டும் மாற விடுங்கள், இல்லாவிட்டால் எல்லையில் நிற்கும்போது பட்டியல் மாறி மாறித் துள்ளும்.

சாண் கணக்கில் இடம் தெரிய வேண்டுமென்றால் யூடபிள்யூபி என்கிற வேறொரு ரேடியோ முறை வேண்டும், அது அலை போய்வருகிற நேரத்தை அளப்பது. அது இருக்கிற ஃபோனும் வேண்டும், மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

சுவரில் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வருடப்பிறப்புக்குத் துப்புரவாக்கும்போது 4ஆம் இலக்க ராக்கையைப் பீக்கனோடு சேர்த்துத் தள்ளி வைத்துவிட்டார்கள். இரண்டு நாளாகப் பெயின்ற் வாளிகளுக்கு முன்னால் நின்று பெடியன் பைப் எண்ணத் தேடிக்கொண்டிருந்தான்.