வீல் பேரிங் மாற்ற எந்தக் கருவியை வாங்கலாம், எந்த வேலையை லேத் பட்டறைக்கு விடலாம்

வேலூரைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் முன்சக்கரப் பக்கம் ‘ஊங்’ என்று சத்தம் வருகிறதா? வண்டி வலது பக்கம் வளையும்போது அது கூடினால், பெரும்பாலும் இடது பேரிங் போயிருக்கும். வளைவில் பாரம் அந்தப் பக்கம்தான் ஏறுகிறது.

சரி, மாற்றலாம். ஆனால் கருவி வாங்கக் கிளம்புமுன் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை பேரிங் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சேர்ந்தே வரும் வகை என்றால் சில போல்ட்டுகளைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. நக்கிளுக்குள் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) அழுத்தி ஏற்றிய வகைக்குப் பிரஸ், அதாவது அழுத்தி ஏற்றும் இயந்திரம், வேண்டும். பல சின்னக் கார்களின் முன்சக்கரத்தில் இந்த இரண்டாவது வகைதான். மாடலையும் வருடத்தையும் சொன்னால் உதிரிபாகக் கடையில் புது பேரிங்கையே எடுத்துக் காட்டுவார்கள்.

வண்டியைத் தூக்க டிக்கியில் இருக்கும் ஜாக்கி மட்டும் போதாது. பாரம் தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும், எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை வேண்டும். வீட்டு வாசல் மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டின் அடியில் தடித்த பலகை போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

அடுத்து ஆக்சில் நட்டு, அதாவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டு. பெரும்பாலும் 30, 32 அல்லது 36 மில்லிமீட்டர் சாக்கெட் பொருந்தும். அளந்து பார்த்து வாங்குங்கள். உள்ளே ஆறு முனை உள்ளதாகக் கேளுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் இறுகிய நட்டில் வழுக்கி மூலையை மழுக்கிவிடும். அதோடு இறுகிய நட்டை இளக்க அரை இஞ்ச் டிரைவ் உள்ள நீளமான கைப்பிடி, அதாவது பிரேக்கர் பார், வேண்டும். நட்டின் விளிம்பு தட்டி மடக்கப்பட்டிருந்தால் முதலில் உளியால் நிமிர்த்துங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முழுசாகக் கழற்றுவது வண்டியைத் தூக்கிய பிறகு. திரும்ப மாட்டும்போது புது நட்டு போடுங்கள்.

இவையும் வேண்டும்: உள்சர்க்ளிப் (பேரிங்கை நக்கிளுக்குள் பிடித்து வைக்கும் வளையம்) பிளையர், நக்கிளைக் கீழ்க்கையோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டைப் பிரிக்கும் கருவி, கம்பி பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், காலிப்பரை (பிரேக் பேடுகளை அழுத்தும் பாகம்) கட்டித் தொங்கவிட ஒரு கம்பி. காலிப்பர் பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது.

பிரஸ்ஸை மட்டும் வாங்க வேண்டாம் என்பேன். நக்கிளைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் விசாரித்தால் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள இடம் கிடைக்கும். சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டு வேண்டும். அழுத்தம் குண்டுகள் வழியாகப் போனால் வளையத்தில் தழும்பு விழுந்து, புது பேரிங்கும் சீக்கிரமே சத்தம் போடும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் பேரிங்கின் ஒரு முகம் காந்தமாக இருந்தால், அது சென்சார் பக்கம் வர வேண்டும். இதைப் பட்டறையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் சர்க்ளிப் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்ததா என்று அங்கேயே பாருங்கள்.

கடைசியாக டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த அளவு விசையில் நட்டை முறுக்கும் கருவி. பல ரெஞ்சுகள் 200 நியூட்டன் மீட்டரோடு நின்றுவிடும். சில ஆக்சில் நட்டுகளுக்கு அதைவிட அதிகம் தேவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணைப் பார்த்த பிறகே வாங்குங்கள். இந்த ரெஞ்சை வைத்து எந்த நட்டையும் கழற்றாதீர்கள், அளவு கெட்டுவிடும். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையிறக்கி, பிரேக்கை மிதிக்கச் சொல்லி அந்த அளவுக்கு முறுக்குங்கள்.